டிக்கியில் இருந்த புது பெல்ட்

பாப்பா,

நீயும் மாப்பிள்ளையும் விருந்துக்குத் திருமங்கலம் போயிருக்கிறீர்கள். இனி உன்னுடையதுதானே, காரை எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன். "ஞாயித்துக்கிழமை ஓசூருக்குக் குடிபோறப்ப அதுலதானம்மா போகப் போறோம்" என்று சொல்லிவிட்டு பைக்கில் ஏறிவிட்டாய். பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவீர்கள். அதற்குள் இதை எழுதி முடித்து, காரின் டேஷ்போர்டுக்குள் ஆர்.சி. புத்தகத்துக்கு அடியில் வைத்துவிட வேண்டும் என்பது என் திட்டம். காலையிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. மூன்று தடவை வாசலுக்குப் போய் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டேன். எதிர்வீட்டு விசைத்தறிச் சத்தத்தில் எஞ்சின் சத்தம் கேட்காதே என்று, தறி நிற்கும் நேரம் பார்த்து ஸ்டார்ட் செய்து காதைக் கொடுத்துக் கேட்டேன். உன் அப்பா பேப்பரை விலக்கிப் பார்த்து, "நீ இப்பிடித் தெறந்து தெறந்து மூடுனா அதுக்கே சளி பிடிச்சுக்கும்" என்றார். அவருக்கு அந்தக் காரில் ஹாரன் இருக்கும் இடம் மட்டும்தான் தெரியும்.

இந்தத் தவிப்பு காரைப் பற்றியது மட்டும் என்றால் ஒரு டம்ளர் காப்பியில் தீர்ந்திருக்கும். போன வாரம் உன் கல்யாணப் பந்தியில் உன் பெரியம்மா எல்லோர் காதிலும் விழும்படி, "தாலி கட்டுற நேரத்துக்காச்சும் தலையத் துவட்டிட்டு வந்து சேந்தாளே எங்க மக!" என்றாள். நான் பிறந்த திருவாதவூர்ச் சனம் மொத்தமும் சிரித்தது. மாப்பிள்ளை ஒன்றும் புரியாமல் சிரித்தார். நீயும் சிரித்தாய். ஆனால் உன் கை அப்பளத்தைத் தூள் தூளாக நொறுக்கிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். பார்த்தும் வாயைத் திறக்கவில்லை. ஆறு வருடமாக நான் திறக்காத வாய் அது. நீ ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முன்னால் அதைத் திறந்தாக வேண்டும். ஆனால் நான் கணக்கு டீச்சர். சுலபமான கணக்கை முதலில் போட்டுவிட்டுத்தான் கஷ்டமானதுக்கு வருவேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்.

சுலபமானது ஸ்பார்க் பிளக். இந்த வண்டியில் நாலு பிளக் இருக்கிறது. எஞ்சினுக்குள் போகிற பெட்ரோலைப் பற்றவைப்பது அவைதான். சாதாரண பிளக் என்றால் முப்பதாயிரம், நாற்பதாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை நாலையும் சேர்த்து மாற்றிவிட வேண்டும். ஒன்று மட்டும் கெட்டிருக்கிறது, அதை மட்டும் மாற்றுவோம் என்று சாமர்த்தியம் பார்க்காதே. விலை கூடின இரிடியம் பிளக் என்றால் லட்சம் வரைக்கும்கூடத் தாங்கும் என்கிறார்கள். உன் வண்டிக்கு எது, எத்தனைக்கு என்று வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கிறது, படி. காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடித்தாலோ, சிக்னலில் நிற்கும்போது குளிர் காய்ச்சல் கண்டவர் மாதிரி வண்டி உதறினாலோ, மேட்டில் இழுவை இல்லாமல் முக்கினாலோ, மைலேஜ் குறைந்தாலோ, முதலில் பிளக்கைக் கழற்றிப் பார்க்கச் சொல். எஞ்சின் ஆறியிருக்கும்போதுதான் கழற்ற வேண்டும். நுனி வெளிர் பழுப்பாக இருந்தால் நல்லது. கரி அப்பியிருந்தால் உள்ளே ஏதோ கோளாறு.

இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும் என்றால், பட்டுத்தான். நீ பன்னிரண்டாம் வகுப்பு படித்த வருடம் இந்தக் கார் சிம்மக்கல் சிக்னலில் நின்றாலே ஆட்டம் போடும், நினைவிருக்கிறதா? நான் என்ன செய்தேன்? பெட்ரோல் பங்க்காரர்களைத் திட்டினேன். தண்ணீரைக் கலந்து போடுகிறான், மண்ணெண்ணெயைக் கலந்து போடுகிறான் என்று ஒவ்வொரு பங்க்காக மாற்றிக்கொண்டே இருந்தேன். ஒரு இடத்தில் அந்தப் பெண்ணிடம் சண்டையே போட்டேன். நீ பின்சீட்டில் உட்கார்ந்து, "அம்மா, மெக்கானிக்கிட்ட ஒரு வார்த்தை கேளும்மா" என்றாய். கேட்கவில்லை. ஏனென்றால் மெக்கானிக் பாண்டியண்ணன் ஏற்கனவே சொல்லியிருந்தார். வாங்கவேண்டிய நாலு பிளக்கையும் வாங்கி, அட்டைப்பெட்டி பிரிக்காமல் டிக்கியில் வைத்திருந்தேன். தப்பு தன்னிடம் இருக்கும்போது அடுத்தவர் மேல் தூக்கிப் போடும் புத்தி எனக்கு உண்டு என்று அன்றைக்கே உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நீ என்னை நம்பிவிட்டாய்.

இனி பெல்ட். எஞ்சின் முன்பக்கம் சக்கரங்களைச் சுற்றி ஓடுகிறதே, அந்த ரப்பர் பெல்ட். நம் வண்டியில் அதுதான் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரையும், எஞ்சினைக் குளிரவைக்கும் தண்ணீர் பம்ப்பையும் சுற்றுகிறது. அது அறுந்தால் பேட்டரி விளக்கு சிவப்பாக எரியும், பின்னாலேயே சூடு முள் மேலே ஏறும். அப்படி ஏறிவிட்டால் ஒரு அடிகூட ஓட்டாதே. ஓரங்கட்டி நிறுத்திவிடு, இல்லாவிட்டால் எஞ்சினே போய்விடும். அது அறுவதற்கு முன்னால் சொல்லிவிட்டுத்தான் அறும். காலையில் முதல் ஸ்டார்ட்டில், ஏ.சி. போட்ட உடனே, கீச்சென்று கத்தும். உள்பக்கம் குறுக்கே வெடிப்பு விடும். ஓரத்தில் நூல் பிரியும். பளபளவென்று கண்ணாடி மாதிரி ஆகிவிடும். நாற்பதாயிரத்துக்குப் பிறகு ஒவ்வொரு சர்வீஸிலும் டார்ச் அடித்துப் பார்க்கச் சொல். வெடிப்பு இல்லாவிட்டாலும் நாலைந்து வருடம் ஆகிவிட்டால் மாற்றிவிடு. கிலோமீட்டர் ஓடவில்லையே என்று சமாதானம் சொல்லாதே. நம் ஊர் வெயிலுக்கு நின்ற இடத்திலேயே ரப்பர் கிழடாகிவிடும்.

பாண்டியண்ணன் இதைச் சொன்னது ஒன்பது வருடத்துக்கு முன்னால். கார் அப்போது ஐம்பதாயிரம் ஓடியிருந்தது. பெல்ட்டை விரலால் திருப்பிக் காட்டி, "டீச்சர், இம்புட்டு வெடிப்பு விட்டுருக்கு பாருங்க. இன்னைக்கே மாத்திருவோம். பிளக்கும் போயிருச்சு" என்றார். எழுதிக்கொடுத்த சீட்டோடு சிம்மக்கல் போய் ஒரு பெல்ட்டும் நாலு பிளக்கும் வாங்கினேன். நல்ல கம்பெனிச் சரக்கு. வாங்கிக்கொண்டு பட்டறைக்குத் திரும்பவில்லை. வீட்டுக்கு வந்துவிட்டேன். ஓடுகிறவரை ஓடட்டும், புதுசு கையில் இருக்கிறது, அறுந்தால் மாட்டிக்கொள்வோம். இதில் எனக்கு ஒரு பெருமை வேறு. எங்கே போனாலும் "என் டிக்கியில புது பெல்ட்டே இருக்கு" என்று ஸ்டாஃப் ரூமில் சொல்லிக்கொள்வேன். மூன்று வருடம் சொன்னேன்.

சிரிக்காதே. இது என் ரத்தத்தில் வந்தது. எங்கள் வீட்டில் எல்லோரும் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர்கள். வருடத்துக்கு ஒரு புதுத்துணி வந்தால் பெரிது. வந்ததை உடுத்திவிட்டால் அது பழசாகிவிடும். அதனால் உடுத்தாமல் வைப்பார்கள். இருக்கிறது என்கிற நினைப்பிலேயே கிழிந்ததைச் சந்தோஷமாகக் கட்டிக்கொள்வார்கள். நான் படித்து, வேலைக்கு வந்து, செல்லூரில் வீடு வாங்கி, காரும் வாங்கியாயிற்று. ஆனாலும் பரணில் இருக்கும் எவர்சில்வர் தட்டுகளில் இன்னும் ஸ்டிக்கர் கிழிக்கவில்லை. நாம் சாப்பிடுவது நெளிந்த தட்டில். நீ முதல் சம்பளத்தில் எனக்கு வாங்கித் தந்த மூக்குக்கண்ணாடி டப்பாவிலேயே இருந்தது. கீறல் விழுந்த பழசைப் போட்டுக்கொண்டுதான் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன்.

நடுவில் எழுந்து போய்விட்டேன். நாலாவது தடவையாக பானெட். தறி ஓடிக்கொண்டேதான் இருந்தது, எனக்குத்தான் கீச்சென்று ஏதோ கேட்ட மாதிரி இருந்தது. ஒன்றும் இல்லை. அப்பா என் கையில் மோர் டம்ளரைக் கொடுத்துவிட்டுப் போனார். இனி தள்ளிப்போட முடியாது. ஆறு வருடத்துக்கு முந்தைய அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

என் அய்யா, உன் தாத்தா, படுத்த படுக்கையாகி மூன்று வாரம் ஆகியிருந்தது. உன் அப்பா முதல்நாளே பஸ்ஸில் திருவாதவூர் போய்விட்டார். காலை பத்து மணிக்கு உன் மாமா போன் செய்தான். "அக்கா, அய்யா ஒன்னையவும் பாப்பாவையுந்தான் கேக்குறாரு. ஒடனே கெளம்பி வாங்க" என்றான். நீ தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்துக்கொண்டிருந்தாய். குளியலறைக் கதவை உடைக்காத குறையாகத் தட்டினேன். சீயக்காயைக் கழுவி, ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு நீ வெளியே வர பத்து நிமிடம் ஆயிற்று. இடுப்பு வரைக்கும் முடி உனக்கு. காரில் உட்கார்ந்துகொண்டுதான் துவட்டினாய். பத்து நிமிடம்தான், பாப்பா. நான் கடிகாரம் பார்த்தேன்.

ஒத்தக்கடையில் திரும்பி, திருமோகூர் தாண்டினதும் சிவப்பு விளக்கு எரிந்தது. பானெட்டைத் திறந்தால் பெல்ட் அறுந்து தொங்குகிறது. எனக்குப் பயமே வரவில்லை. இதற்குத்தானே வாங்கி வைத்தோம் என்று இருந்தது. பின்னால் வந்த லோடு ஆட்டோக்காரத் தம்பி நிறுத்திவிட்டு வந்து பார்த்தான். "பெல்ட்டு போச்சுக்கா. வேற வச்சிருக்கீகளா?" என்றான். "இருக்குப்பா, புதுசு!" என்று டிக்கியைத் திறந்தேன். அந்த நேரம் திருவாதவூர் பஸ் வந்தது. நீ என் கையைப் பிடித்து இழுத்தாய். "அம்மா, வண்டி கெடக்கட்டும்மா. பஸ்ல போயிருவோம். தாத்தா தேடுவாருல்ல" என்றாய். நான் கையை உதறினேன். "புதுசு இருக்குல்ல, கால்மணி நேரத்துல போயிரலாம்" என்றேன். பஸ் போய்விட்டது. நீ அது போவதைப் பார்த்துக்கொண்டே நின்றாய்.

பெல்ட் மூன்று வருடமாக ஜாக்கிக்கு அடியில் மடங்கிக் கிடந்திருக்கிறது. மேலே ஆயில் கேன் கசிந்து ஊறியிருக்கிறது. அட்டையைப் பிரித்ததும் அந்தத் தம்பி அதை வளைத்துப் பார்த்து, "அக்கா, இது வெரச்சுப்போயிருக்கே, எப்ப வாங்குனது?" என்று கேட்டான். நீ பக்கத்தில் நின்றாய். நான் உன் முகத்தைப் பார்க்காமல் "போன மாசந்தான்" என்றேன். அவன் வெயிலில் அரைமணி நேரம் மல்லுக்கட்டி மாட்டினான். இரண்டு கிலோமீட்டர் வந்திருப்போம், மடங்கின இடத்திலேயே பட்டென்று பிய்ந்துவிட்டது. பின்னாலேயே வந்த அதே தம்பிதான் நம்மை ஏற்றிக்கொண்டு போனான். நீ வழியெல்லாம் "கடைக்காரன் ஏமாத்திட்டானாம்மா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாய். நான் "ஆமா, டூப்ளிகேட்டு" என்றேன். தெருமுனையில் இறங்கும்போதே அழுகைச் சத்தம் கேட்டது. அய்யா போய் கால்மணி நேரம் ஆகியிருந்தது.

எல்லோரும் என்னைக் கட்டிக்கொண்டு கேட்டார்கள். "ஏண்டி இம்புட்டு நேரம்? கண்ண வாசல்லயே வச்சிருந்தாரே." அப்போது என் வாயிலிருந்து வந்தது என்ன என்று உனக்குத் தெரியும். "இவ தலையத் துவட்டிக்கிட்டு நின்னா, அதான் கெளம்ப நேரமாச்சு." கூட்டத்துக்கு நடுவில் சொன்னேன். உன்னைக் காட்டிச் சொன்னேன். ஈரத்தலையோடு நீ நின்றாய், அதைவிட வேறு சாட்சி யாருக்கு வேண்டும். பஸ்ஸைப் பற்றி நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நீ பத்தொன்பது வயதுப் பெண். உன் அம்மா அழுகிறாள், பழியை வாங்கிக்கொண்டாய்.

அய்யாவுக்கு உடுத்த, அவர் டிரங்குப் பெட்டியைத் திறந்தார்கள். நான் பொங்கலுக்குப் பொங்கல் வாங்கிக் கொடுத்த வேட்டிகள் அத்தனையும் மடிப்புக் கலையாமல் இருந்தன. மடிப்பில் எல்லாம் மஞ்சள் கோடு. உன் மாமா மேலே இருந்த ஒன்றை எடுத்து உதறினான், மடிப்போடு மடிப்பாகக் கிழிந்துவிட்டது. அடுத்ததும் கிழிந்தது. கடைசியில் கடைக்கு ஆள் அனுப்பிப் புதுசு வாங்கி வந்தார்கள். நான் அன்றைக்கு அழுதது அய்யா போனதற்கு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அந்தக் கிழிந்த வேட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நான் பெல்ட்டை நினைத்துத்தான் அழுதேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

தாத்தாவுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் நீ முடியைக் கழுத்தோடு கத்தரித்துக்கொண்டு வந்தாய். "காலேஜ்ல எல்லாரும் இப்பிடித்தாம்மா" என்றாய். நான் தலையாட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். அன்றிலிருந்து நீ எங்கே கிளம்பினாலும் ஒரு மணி நேரம் முன்னாலேயே செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பாய். உன் கல்யாணத்தன்று விடியற்காலை ஐந்து மணி முகூர்த்தத்துக்கு, ராத்திரி முழுக்கத் தூங்காமல் சேலை கட்டித் தயாராக இருந்தாய் என்று உன் தோழி என்னிடம் சொன்னாள். அப்படி உட்காரவைத்தவள் நான்தான்.

செவ்வாய்க்கிழமை காரைப் பாண்டியண்ணன் பட்டறைக்கு எடுத்துக்கொண்டு போனேன். பெல்ட்டை மாட்டாமல் வைத்திருந்த மூன்று வருடமும் அவர் பட்டறைப் பக்கம் போகவில்லை; அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகும் அவர் முகத்தில் விழிக்கக் கூச்சப்பட்டு, அறுந்த பெல்ட்டை வேறு ஒருவரிடம் கொடுத்துத்தான் மாற்றினேன். "என்ன டீச்சர், ஆளையே காணோம்? அந்தப் பெல்ட்டை மாட்டுனீகளா?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. பாவி மனுசன், ஒன்பது வருடமாகியும் மறக்கவில்லை. நடந்ததை அவரிடம் சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "நாங்கூட அன்னைக்கு உங்க பின்னாடியே ஆள் அனுப்பியிருக்கணும் டீச்சர்" என்றார். எனக்கு இன்னும் அவமானமாகப் போய்விட்டது. அவர் தலையிலும் ஒரு பங்கு ஏறப் பார்க்கிறதே என்று, "உங்க மேல ஒண்ணுமில்லண்ணே, நீங்க சொல்லிட்டீக" என்றேன். பழி என்னுடையது என்று ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.

பெல்ட்டும் நாலு பிளக்கும் புதுசு மாட்டியாகிவிட்டது. மாற்றின தேதியையும் கிலோமீட்டரையும் எழுதி பானெட்டின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். நாமக்கல் தாண்டி எங்காவது டீ குடிக்க நிறுத்தும்போது ஒருமுறை திறந்து பார். தொப்பூர் மலைப்பாதையில் சூடு முள் மேல் ஒரு கண் வை. மாப்பிள்ளை "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்பார், ஆண்பிள்ளைகள் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். நீ பார். டிக்கியைக் காலி செய்துவிட்டேன். ஜாக்கியும் ஸ்டெப்னியும் மட்டும்தான் இருக்கிறது. ஓசூரில் நல்ல மெக்கானிக்காகப் பார்த்து வைத்துக்கொள். அவர் மாற்று என்று சொன்னால் அன்றைக்கே, அவர் கையாலேயே, நீ பக்கத்தில் நின்று மாட்டச் சொல்.

இன்றைக்குக் காலையில் உன் மாமாவுக்கு போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அவன், "பாப்பாட்ட சொல்லிட்டியாக்கா?" என்றான். இல்லை என்றேன். "மொத அவகிட்டச் சொல்லு. பெரியக்காகிட்ட நான் சொல்லிக்கிறேன். இனிமே எவளாச்சும் தலை துவட்டுன கதைய எடுத்தா நான் பாத்துக்கிறேன்" என்றான். போனை வைத்துவிட்டுத்தான் உன் புதுக் கண்ணாடியை டப்பாவிலிருந்து எடுத்தேன். அதைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். எல்லாம் பளிச்சென்று தெரிகிறது. மேஜை மேலே எவ்வளவு தூசி என்பதுகூட.

பாப்பா, அந்த வெள்ளிக்கிழமை நீ லேட் பண்ணவில்லை. பஸ்ஸில் ஏறியிருந்தால் தாத்தா உன்னைப் பார்த்திருப்பார். நீதான் சரியாகச் சொன்னாய். நான் அதைக் கேட்காததோடு, அந்தப் பழியையும் உன் ஈரத்தலையில் ஏற்றினேன். என்னை மன்னித்துவிடு என்று கேட்கக் கூசுகிறது. ஆனாலும் கேட்கிறேன்.

இதை மடித்து டேஷ்போர்டில் வைக்கத்தான் இப்போது வாசலுக்குப் போனேன். ஆர்.சி. புத்தகத்தைத் தூக்கினேன். நீ எப்போது அதை எடுப்பாய்? எவனாவது போலீஸ்காரன் மறித்துக் கேட்டால் எடுப்பாய், ஒரு மாதம் கழித்தோ, மூன்று வருடம் கழித்தோ. புத்தகத்தைத் திரும்ப வைத்துவிட்டு டேஷ்போர்டை மூடினேன். தறி நின்றிருக்கிறது. தெருமுனையில் உங்கள் பைக் திரும்புகிற சத்தம் கேட்கிறது. இந்தக் கடைசி வரிகளைக் காரின் பானெட் மேல் தாளை வைத்து எழுதுகிறேன். நீ ஹெல்மெட்டைக் கழற்றியதும் உன் கையில் கொடுத்துவிடுவேன். நீ படித்து முடிக்கும் வரை இங்கேயேதான் நிற்பேன்.

அம்மா